நடுவர் கை இறங்குவதற்கு முன்

அன்புள்ள பாப்பாவுக்கு அம்மா எழுதுவது. இங்கே நானும் அப்பாவும் சுகம், அப்பாவின் இடது முழங்காலை மட்டும் இந்தச் சுகத்தில் சேர்க்க வேண்டாம். நீ சுகமா என்று போனில் கேட்டால் "ம்" என்கிறாய், சாப்பிட்டாயா என்றால் அதற்கும் ஒரு "ம்", அதனால் இந்தத் தடவை காகிதத்தில் கேட்கிறேன், வெறும் "ம்" எழுதி ஸ்டாம்பு ஒட்டி அனுப்ப உனக்கே வெட்கமாக இருக்கும். உனக்கு ஒரு சேதி இருக்கிறது. போனில் ஆரம்பித்தால் பாதியில் பேச்சை மாற்றிவிடுவாய், கடிதமென்றால் கிழித்துப் போடுவதற்காவது கையில் எடுத்தாக வேண்டுமே. சேதி இதுதான், போன ஞாயிற்றுக்கிழமை உன் மாஸ்டர் முகத்தில் நான் கரியைப் பூசிவிட்டேன். இருநூறு பேர் பார்க்கப் பூசினேன். ஐந்து நாள் ஆகிறது, இன்னும் நினைத்தால் வாய் இனிக்கிறது. அவரை அவன் இவன் என்று எழுதத்தான் கை வருகிறது, அப்பா வாங்கிப் படித்துவிட்டு மரியாதை மரியாதை என்று உயிரை எடுப்பார், அதனால் அவர் என்றே எழுதுகிறேன், நீ உனக்குப் பிடித்த மாதிரி படித்துக்கொள்.

முதலிலிருந்து சொல்கிறேன். ஆஸ்பத்திரிச் சலவைக்கூடத்தில் எங்கள் வேலை உனக்குத் தெரியும், இயந்திரத்திலிருந்து ஈரப் போர்வைகளை அள்ளித் தள்ளுவண்டியில் போடுவது, ஒவ்வொரு அள்ளும் ஒரு பிள்ளையைத் தூக்குகிற கனம். போன வருஷக் கடைசியில் இடுப்பு பிடித்துக்கொண்டு நாலு நாள் படுத்துவிட்டேன். உடற்பயிற்சி வைத்தியர் முதுகைப் பலப்படுத்து என்றார். அப்போதுதான் உங்கள் பளுதூக்கும் பயிற்சிக்கூடத்தில் விசில் அக்கா ஒரு வகுப்பு தொடங்கியிருந்தாள், நாற்பத்தைந்து வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கு, வாரம் மூன்று காலை. மாஸ்டரின் உதவியாளர், எந்நேரமும் கழுத்தில் விசிலோடு நிற்பாளே, நீங்கள் எல்லோரும் பெயரையே மறந்துவிட்டு விசில் அக்கா என்பீர்களே, அவளேதான். அந்த இடத்தில் உனக்கென்ன வேலை என்று அப்பா குதித்தார். எனக்கு மட்டும் ஆசையா, வேறெங்கும் இந்த வயசில் சேர்த்துக்கொள்ள மாட்டோம் என்றுவிட்டார்கள். முதல் நாள் நான் உள்ளே நுழைந்ததும் மாஸ்டர் எழுந்து வந்து எல்லோருக்கும் கேட்கிற மாதிரி, "மக போட்டுட்டுப் போனதைத் தூக்க அம்மா வந்திருக்காங்க" என்றார். எல்லோரும் சிரித்தார்கள். நானும் சிரித்தேன் பாப்பா, அதையும் மறைக்காமல் எழுதிவிடுகிறேன்.

முதல் மாசம் முழுக்க வெறும் மரக்குச்சிதான். கம்பியைத் தொடவே விடவில்லை. கட்டைவிரலை உள்ளே வைத்து மற்ற விரல்களால் அதை அமுக்கிப் பிடிக்கிற கொக்கிப் பிடியைச் சொல்லிக்கொடுத்தார்கள், உனக்குத் தெரியாததா, இரண்டு வாரம் கட்டைவிரல் மரத்துப் போய்ச் சீருடைப் பொத்தானை அப்பாதான் போட்டுவிட்டார், போட்டுக்கொண்டே திட்டினார். வீட்டில் துடைப்பக் குச்சியை வைத்துப் பழகினேன், தலைக்கு மேலே விசையாக ஏற்றியதில் கூடத்து பல்பு உடைந்தது, அதற்கும் திட்டினார், அப்புறம் அவரே நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்து உன் முட்டி உள்ளே போகிறது வெளியே தள்ளு என்று சொல்லத் தொடங்கிவிட்டார். என் பெரிய குறை அவசரமாகக் கையால் இழுப்பது. "கை வெறும் கயிறும்மா, தள்ள வேண்டியது கால்" என்று விசில் தினமும் கத்துவாள். கம்பி காலை ஒட்டியே ஏறவேண்டும் என்று தெரியாமல் அரையடி தள்ளிப் பிடித்துத் தூக்கினேன், முன்பக்கம் குப்புறப் போனேன். ஒட்டித் தூக்கக் கற்ற பிறகு முழங்காலுக்குக் கீழே இரண்டு காலும் தோல் உரிந்தது, நீ பழகத் தொடங்கியபோது உனக்கு எண்ணெய் தடவிவிட்ட அதே இடம். மூன்றாம் மாசம் பதினைந்து கிலோ வெறும் கம்பி, அப்புறம் இருபது, இருபத்தைந்து. வேலையிடத்தில் ஈரப் போர்வையை இப்போது குந்தி, முதுகை நிமிர்த்தி, மூச்சை அடக்கி ஒரே தம்மில் எடுக்கிறேன், எங்கள் மேற்பார்வையாளர் நான் ஏதோ மாத்திரை சாப்பிடுகிறேன் என்று நினைத்துக்கொண்டிருக்கிறார். சத்தியமாகச் சொல்கிறேன், ஐம்பத்தொரு வயசில் எனக்கு ஒரு விஷயம் பிடித்துப் போய்விட்டது. நீ எதற்காக விடியலில் எழுந்து ஓடினாய் என்பது அப்போதுதான் எனக்குப் புரிந்தது.

ஆறாம் மாசம் ஒரு காலையில் அது நடந்தது. அந்தக் கூடத்து வழக்கம் உனக்குத் தெரியும், தலைக்கு மேலே தூக்கிய கம்பியை மாஸ்டரோ விசிலோ "விடு" என்று சொல்லும்வரை இறக்கக்கூடாது, முன்னால் இறக்கினால் பத்து தடவை உட்கார்ந்து எழ வேண்டும். நான் முப்பது கிலோவைத் தூக்கிப் பிடித்து நின்றுகொண்டிருந்தேன். மாஸ்டர் எனக்கு முதுகைக் காட்டிக்கொண்டு எதிர் மூலையில் தூக்கிக்கொண்டிருந்த யாரிடமோ "விடு" என்றார். என் கை திறந்துவிட்டது. நான் திறக்கவில்லை பாப்பா, அதுவாகத் திறந்தது. கம்பி தொம்மென்று விழுந்தது, மாஸ்டர் திரும்பி, "உங்களையா சொன்னேன்" என்று சிரித்தார். நான் என் பத்து விரலையும் பார்த்துக்கொண்டு நின்றேன். ஆறு மாசப் பழக்கத்துக்கே இந்தக் கை இப்படியென்றால், அவரிடம் ஏழு வருஷம் பழகிய கை என்ன செய்யும்.

மூன்று வருஷத்துக்கு முந்தைய உன் தேர்வுப் போட்டி நாள் அப்படியே கண் முன்னால் வந்தது. கடைசி வாய்ப்பு, எண்பத்திரண்டு கிலோவைத் தூக்கினால் அணியில் உனக்கு இடம், இல்லையென்றால் மாஸ்டரின் அண்ணன் மகளுக்கு. நீ தூக்கினாய். நட்டு வைத்த தூண் மாதிரி நின்றாய். போட்டியில் நடுவர் கையைக் கீழே இறக்கினால்தான் கம்பியை விடலாம், அதற்கு ஒரு நொடி முன்னால் விட்டாலும் செல்லாது. நடுவர் கை இறங்கவில்லை, உன் கம்பி இறங்கிவிட்டது. மூன்று நடுவர்களின் விளக்கும் சிவப்பு. மாஸ்டர் "விடு" என்று சொன்னார் என்று நீ சொன்னாய், "நான் வாயே தொறக்கலை" என்று அவர் சொன்னார், அவர் சொன்னதுதான் எடுபட்டது. பொறுமையில்லாத பெண், ஏழு வருஷ உழைப்பை ஒரு நொடியில் கெடுத்துவிட்டாள் என்று அவரே கண்ணைத் துடைத்துக்கொண்டு ஊரெல்லாம் சொன்னார். நீ அதற்கப்புறம் கம்பியைத் தொடவில்லை, மூன்றாம் மாசம் வேலை கிடைத்ததென்று அவ்வளவு தூரம் போய்விட்டாய். என் கை திறந்த அன்று காலையே நான் விசிலைத் தனியாகப் பிடித்துக் கேட்டேன், அவர் பக்கத்தில்தானே நீ நின்றாய், சொன்னாரா இல்லையா என்று. கையில் வெள்ளைப் பொடியைத் தேய்த்துக்கொண்டே இருந்தாள். அதுவே எனக்குப் போதுமாக இருந்தது.

உடனே போய்ச் சட்டையைப் பிடித்திருப்பேன். பிடித்தால் என்ன ஆகும், வயித்தெரிச்சல் பிடித்த அம்மா என்று அதற்கும் கண்ணைத் துடைத்துக்கொள்வார். அதனால் பல்லைக் கடித்துக்கொண்டு இன்னும் நன்றாகத் தூக்கினேன். ஒருவரை நோகடிக்க வேண்டுமென்றால் முதலில் அவருக்கு நாம் தேவைப்பட வேண்டும். பயிற்சிக்கூடங்களுக்கு இடையிலான கோப்பையை மாஸ்டர் இரண்டு வருஷமாக ஒன்றிரண்டு புள்ளியில் விட்டுக்கொண்டிருந்தார். இந்த வருஷம் ஐம்பது வயசுக்கு மேற்பட்ட பெண்களுக்கு என்று புதிதாக ஒரு பிரிவு, மொத்தமே இரண்டு பேர்தான், இரண்டு வகைத் தூக்கலிலும் ஒவ்வொன்று செல்லுபடியானால் கடைசி இடத்துக்கே ஏழு புள்ளி. அவரே என் பெயரை எழுதினார். "நீங்கதாம்மா நம்ம துருப்புச்சீட்டு" என்றார். என் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்து, காலை முன்னும் பின்னும் பிரித்து வைக்கிற இடத்தைச் சாக்கட்டியால் தரையில் வரைந்து காட்டினார். போட்டியன்று காலை என் கட்டைவிரலுக்கு டேப் சுற்றிவிட்டார். நன்றாகச் சுற்று, என்று மனசுக்குள் சொல்லிக்கொண்டேன். அந்த இரண்டு மாசமும் எனக்குத் தூக்கம் நன்றாக வந்தது.

முதல் வகை, தரையிலிருந்து ஒரே வீச்சில் தலைக்கு மேலே, அதில் இருபத்தெட்டு கிலோவை ஒழுங்காகவே தூக்கிக் கொடுத்தேன், அவருக்கு ஆசை ஏறட்டும் என்று. இரண்டாவது வகை, தோளுக்கு ஏற்றி நின்று அங்கிருந்து மேலே, முப்பத்தெட்டு கிலோ, மூன்று வாய்ப்பு. முதல் வாய்ப்பில் தோளுக்கு வந்ததை முன்னால் போட்டேன். "பரவாயில்லை, பதட்டம்" என்று முதுகில் தட்டினார். இரண்டாவதில் வேண்டுமென்றே முழங்கையை மடக்கி மெதுவாக நீட்டினேன், அப்படி நீட்டினால் செல்லாது, சிவப்பு விளக்கு. அவர் முகத்தில் வேர்வை பார்க்க வேண்டுமே. மூன்றாவதுக்குப் போய்க் குனிந்தேன். உன்னிடம் பொய் சொல்ல மாட்டேன், அந்தத் தடவை கம்பி அதுவாக ஏறியது. எட்டு மாசத்தில் ஒரு நாளும் அப்படி ஏறியதில்லை. தோளுக்கு வந்தது தெரியவில்லை, கால் பிரிந்தது, கை பூட்டிக்கொண்டது, இரண்டு காலையும் சேர்த்து நேராக நின்றேன். எனக்கு அழுகை வந்தது, இப்படியே நின்றுவிடலாமா என்று கூட இருந்தது. மாஸ்டர் அதற்குள் கைதட்டத் தொடங்கிவிட்டார். நடுவர் கை இன்னும் மேலேதான் இருந்தது. நான் மாஸ்டர் முகத்தைப் பார்த்துக்கொண்டே கையைத் திறந்தேன்.

மூன்றும் சிவப்பு. அவர் ஓடி வந்து, "நடுவர் கை இறங்கலையேம்மா, ஏன் விட்டீங்க" என்று கத்தினார். சலவை இயந்திரத்துக்கு மேலே பேசிப் பேசி எனக்குத் தொண்டை எப்படி என்று உனக்குத் தெரியும். மேடையிலிருந்தபடியே சொன்னேன், "எம் பொண்ணை நீங்க 'விடு'ன்னு சொல்லி விட வச்சீங்க. எனக்கும் சொல்லுவீங்கன்னு நின்னு பார்த்தேன், சொல்லலை. சரி, உங்களுக்கு எதுக்குச் சிரமம்னு நானே விட்டுட்டேன் மாஸ்டர்." "அன்னைக்கு நான் வாயே..." என்று தொடங்கி, துணைக்கு ஆள் தேடுகிற மாதிரி விசிலைத் திரும்பிப் பார்த்தார். அவள் தரையைப் பார்க்கவில்லை. "சொன்னீங்க மாஸ்டர். பக்கத்துலதான் நின்னேன். மூணு வருஷமா சொல்லாம இருந்தது என் தப்பு" என்றாள். அவருடைய அண்ணன் மகள் அடுத்த போட்டிக்காகக் கையில் பொடி பூசிக்கொண்டு அங்கேயே நின்றாள், எல்லாம் கேட்டது அவளுக்கு. "சித்தப்பா, நிஜமா?" என்று ஒரே ஒரு தடவை கேட்டாள். மனுஷர் வெளியே போய் வண்டியில் உட்கார்ந்துகொண்டார். கோப்பை நாலு புள்ளியில் போயிற்று. அந்த வீட்டில் இப்போது அண்ணன் தம்பிக்குள் பேச்சுவார்த்தை இல்லையாம், கேள்விப்பட்டதும் ஒரு டம்ளர் காப்பியைக் கூடுதலாகக் குடித்தேன். விசில் திங்கட்கிழமையிலிருந்து அந்தக் கூடத்துக்குப் போகவில்லை, வேறிடம் பார்க்கிறாள், அதுவரை எங்கள் வீட்டுப் பின்பக்கம்தான் வகுப்பு. கோப்பைக்காக உயிரைக் கொடுத்துத் தூக்கிய சின்னப் பிள்ளைகள் இரண்டு பேர் அழுதார்கள், அது மட்டும் எனக்கு உறுத்துகிறது. மற்றபடி ஒரு துளி வருத்தமும் இல்லை. முடிவுத் தாளில் என் பெயருக்கு நேரே சைபர் போட்டிருக்கிறார்கள், அப்பா அதைக் கண்ணாடிக்குப் பின்னால் செருகி வைத்திருக்கிறார்.

இவ்வளவும் எழுதியாயிற்று, எழுத வேண்டியதை மட்டும் இன்னும் எழுதவில்லை. அன்றைக்கு பஸ்ஸில் நீ ஜன்னலோரம், நான் பக்கத்தில். உன் மடியில் இடுப்புப் பட்டை இருந்தது, அதன் வாரைச் சுருட்டிச் சுருட்டி விரித்தாய். "மாஸ்டர் விடுன்னு சொன்னாரும்மா" என்று நீ முதலில் சொன்னது என்னிடம்தான். "செஞ்ச தப்பை ஒத்துக்கப் பழகு, அடுத்தவங்க மேல போடாதே" என்றேன். நீ ஒரு வார்த்தை பேசவில்லை. இறங்குகிற இடம்வரை பேசவில்லை, அதற்கப்புறமும் பேசவில்லை, இந்த மூன்று வருஷமும் போனில் வருகிற "ம்" எல்லாம் அன்றைக்குத் தொடங்கியதுதான். அவர் பொய் சொன்னார், அவருக்கு அதில் லாபம் இருந்தது. எனக்கு என்ன இருந்தது? பெற்ற பெண்ணை நம்ப நான் ஆறு மாசம் கம்பி தூக்க வேண்டியிருந்தது, நீ சொன்ன ஒரு வார்த்தை எனக்குப் போதவில்லை. அவரைப் பழிவாங்கியாயிற்று. என்னை யார் பழிவாங்குவது? அதை நான் செய்துகொள்ள முடியாது, நீதான் செய்ய வேண்டும்.

உடம்பைப் பார்த்துக்கொள், குளிரில் காதை மூடாமல் வெளியே போகாதே, நோய் நொடி அண்டாமல் நிமிர்ந்த முதுகோடு நீ பல காலம் நன்றாக இருக்க வேண்டும் என்று அப்பாவும் நானும் வேண்டிக்கொள்கிறோம். அம்மாவைத் திட்டி ஒரு கடிதம் எழுது. அன்றைக்கு பஸ்ஸில் என்னிடம் என்னவெல்லாம் சொல்ல நினைத்தாயோ, ஒன்று விடாமல் எழுது. நாலு பக்கத்துக்குக் குறைந்தால் திருப்பி அனுப்பிவிடுவேன். சமாதானம் சொல்லி நான் பதில் எழுத மாட்டேன், உட்கார்ந்து முழுசாகப் படிப்பேன்.

இப்படிக்கு,
அன்றைக்கு உன்னை நம்பாத
உன் அம்மா