பட்டியலில் இருந்த இன்னொருவன்

நண்பனே,

நேற்று மதுரை விமான நிலையத்தில் என்னை ஒரு கேமரா முன்னால் நிறுத்தினார்கள். அது முகத்தைப் பார்த்தது, கதவு திறந்துகொண்டது. வரிசையில் நின்றவர்கள் நல்ல வசதி என்று பேசிக்கொண்டார்கள். எனக்கோ உன் நினைவு வந்துவிட்டது. பின்னாலிருந்தவர் "போங்க சார்" என்று சொன்ன பிறகுதான் நடந்தேன்.

அப்போது அமெரிக்காவில் இரட்டைக் கோபுரங்கள் விழுந்து ஓரிரு ஆண்டுகள் ஆகியிருந்தன. கடல் கடந்து வாழ்க்கைப்பட்ட உன் ஒரே மகளுக்குத் தலைப்பிரசவம். உன் மனைவி முன்பே இறந்துவிட்டதால் தாய்க்குத் தாயாக நீயே கிளம்பினாய். திண்டுக்கல் பேகம்பூரில் பதனிடும் தோலைப் புரட்டிய கைகளால் பிரசவ லேகியம் கிளறினாய். அடிப்பிடித்துவிடும் என்று என்னைக் கிட்டேயே விடவில்லை. வழியனுப்ப நானும் சென்னை வரை வந்தேன்.

கவுண்டரில் இருந்த பெண் உன் பெயரைத் தட்டினாள். திரையைப் பார்த்தாள், பிறகு உன்னைப் பார்த்தாள்.

"உங்க பேரு ஒரு லிஸ்டோட பொருந்துது சார்."

"எங்க ஆளுகள்ல ஜாதகப் பொருத்தம் பாக்குற வழக்கமில்லம்மா" என்று சிரித்தாய். அவள் சிரிக்கவில்லை.

நமக்கு ஏது குடும்பப் பெயர்? அப்பா பெயரின் முதலெழுத்தோடு காலம் தள்ளுகிறவர்கள் நாம். பாஸ்போர்ட்டில் குடும்பப் பெயர் கேட்ட இடத்தில், ஊரில் எல்லோரும் செய்வதுபோல, நீ 'அத்தா' என்று கூப்பிடும் உன் அப்பாவின் பெயரைப் போட்டிருந்தாய். இரண்டும் சேர்ந்து எங்கோ தேடப்படும் ஒருவனின் பெயராகிவிட்டன. அவன் வயது வேறு, நாடு வேறு. விமானம் உன்னை விட்டுவிட்டுப் போனது.

திரும்பும் ரயில் விழுப்புரம் தாண்டியது. பிறகு கேட்டாய்: "தெரிஞ்ச ஆளு ஒருத்தரு வந்து, இவன் அவன் இல்லன்னு சொன்னா முடிஞ்சு போச்சு. அம்புட்டுத்தானடா மாப்ளே?"

அப்படித்தான் நானும் நம்பினேன். உங்கள் பள்ளிவாசல் ஜமாத்தில் ஒரு கடிதம், எங்கள் சர்ச்சின் பங்குச் சாமியிடம் ஒன்று, தாசில்தாரிடம் நன்னடத்தைச் சான்று என்று ஓடி ஓடி வாங்கினோம். பச்சை மையும் வட்ட முத்திரையும் இருந்தால் உலகத்தில் எந்தக் கதவும் திறக்கும் என்பது திண்டுக்கல்காரர்களின் கணக்கு. எல்லாவற்றையும் ஸ்கேன் செய்து, பஸ் ஸ்டாண்டுக்கு எதிரே இருந்த பிரவுசிங் சென்டரிலிருந்து, பட்டியல் போட்ட அரசாங்கத்தின் மின்னஞ்சலுக்கு அனுப்பினோம். உடனே பதில் வந்தது: 'உங்கள் கோரிக்கை கிடைத்தது. இந்த முகவரிக்குப் பதில் எழுத வேண்டாம்.' எத்தனை முறை எழுதினாலும் அதே இரண்டு வரி.

"இதுக்கு மேல ஆபீசர் யாருடா? நீதான வாத்தியாரு, சொல்லு" என்றாய்.

கல்லூரியில் உலக அரசியல் நடத்துகிறவன் நான். இறையாண்மை, எல்லை, ஒப்பந்தம் எல்லாம் மனப்பாடம். ஒரு நாடு பட்டியல் போடுகிறது, இன்னொரு நாட்டில் இருக்கும் கணினி அதைப் படிக்கிறது, மூன்றாவது நாட்டுக்காரன் வாசலில் நிற்கிறான். அவன் யாரிடம் முறையிடுவது? எந்தப் பாடத்திலும் அது இல்லை. எனக்கு ஆத்திரமாக வந்தது. இன்றும் வருகிறது.

பேரனை அந்தப் பிரவுசிங் சென்டரில்தான் பார்த்தாய். திரையில் பிள்ளையின் முகம் அடிக்கடி உறைந்து நின்றது. "அத்தா, தெரியுதா?" என்று மகள் கேட்க, "தெரியுதும்மா, நல்லாத் தெரியுது" என்றாய். திரை அப்போது வெறும் சாம்பல் நிறத்தில் இருந்தது. பேரனைத் தொட்டுப் பார்க்காமலே நீ மாரடைப்பில் போனாய். உன் பெயர் நீக்கப்பட்டதா என்பது இன்றுவரை யாருக்கும் தெரியாது.

கல்லறைத் திருநாளில் எங்கள் கோயிலில் இறந்தவர்களின் பெயர்களைப் பூசையில் வாசிப்பார்கள். நீ இறந்த வருடமே உன் பெயரையும் எழுதிக் கொடுத்தேன், அத்தா பெயரோடு முழுசாக. புதிதாக வந்த சாமி அதைப் பார்த்துவிட்டு நிமிர்ந்தார்.

"இவரு யாருங்க?"

"எனக்குத் தெரிஞ்சவரு சாமி."

அவர் மேற்கொண்டு ஒன்றும் கேட்கவில்லை. ஜார்ஜுக்கும் சவரியம்மாளுக்கும் நடுவில் உன் பெயரை நிறுத்தி வாசித்தார். ஒவ்வொரு வருடமும் கொடுத்துக்கொண்டிருக்கிறேன்.