ஒன்பதாம் நம்பர் வண்டியின் கைப்பிடி

அன்புள்ள தம்பிக்கு,

அக்கா எழுதுகிறேன். நீயும் உன் வீட்டாரும் நலமாக இருக்க வேண்டும். எனக்கு முழங்கால் வலி தவிர வேறு குறையில்லை. அதுவும் வண்டிக்கு அடியில் படுத்து எழுந்து வந்ததுதான். இந்த வயதில் உனக்கு ஏன் இந்த வேலை என்று ஆரம்பிக்காதே. மேலே படி.

அருங்காட்சியகத்துக்காக நான் பழுதுபார்த்து வந்த ஒன்பதாம் நம்பர் டிராம் தயாராகிவிட்டது. இந்த ஊரில் முதன்முதலில் மின்சாரத்தில் ஓடிய பத்து வண்டிகளில் மிஞ்சியது அது ஒன்றுதான். அருங்காட்சியகத்தார் பழைய தண்டவாளத்தைச் செப்பனிட்டு, ஞாயிற்றுக்கிழமை காலை முதல் ஓட்டம் வைத்திருக்கிறார்கள். நாற்பது பள்ளிப் பிள்ளைகளோடு, சந்தைக்கு இறங்கும் அதே சரிவில்.

அந்த விபத்து நடந்த அன்று அந்தச் சரிவில் இதே வண்டியை ஓட்டியவர் நம் அப்பா. மூன்று பேர் செத்தார்கள். விசாரணையில் ஓட்டுநரின் கவனக்குறைவு என்று எழுதினார்கள். பிரேக் பிடிக்கவில்லை என்று அப்பா சொன்னதை அம்மாவைத் தவிர ஒருவரும் நம்பவில்லை. நானும்தான் நம்பவில்லை. இப்போது அதை எழுத வெட்கமாக இருக்கிறது.

போன வாரம் பிரேக்கை இழுக்கும் இரும்புக் கம்பியில் பெயிண்டைச் சுரண்டினேன். அடியில் பற்றவைத்த தடம். உடைந்த கம்பியை விசாரணைக்கு முன்பே ஒட்டி மூடியிருக்க வேண்டும். விபத்துக்குப் பிறகு அந்த வண்டி ஓடவே இல்லையே. மண்ணெண்ணெய் தடவித் துடைத்து, சாக்பீஸ் பொடி தூவினேன். வெள்ளைக்கு நடுவே முடி கனத்தில் ஒரு கோடு ஊறி வந்தது. விரிசல். சமதளத்தில் இரண்டு முறை வெறும் வண்டியை ஓட்டிய பிறகு மறுபடி தூவிப் பார்த்தேன். கோடு நகத்தளவு நீண்டிருந்தது.

அருங்காட்சியக இயக்குநரைக் கையோடு அழைத்து வந்து காட்டினேன். ஒரு துருப்பிடித்த ஆணியைக்கூடத் தூக்கிப்போட மனம் வராத மனிதர். விரிசலை விட்டுவிட்டு, பற்றவைத்த தடத்தைப் பார்த்துப் பூரித்துப்போய் போட்டோ எடுத்தார். புதுக் கம்பி போடலாம் என்று கெஞ்சினேன். “அசல் பாகத்த மாத்திட்டா அப்புறம் அது ஒன்பதாம் நம்பரே இல்லம்மா” என்றார். அப்பாவுக்கு வக்காலத்து வாங்குகிறேன் என்று சொல்லி, இனி வண்டிப் பக்கமே வரக்கூடாது என்றுவிட்டார். நகராட்சிக்கு எழுதினேன், பதிலே இல்லை.

இத்துடன் வரும் பார்சலில் இருப்பது வண்டியை ஓட்டும் பித்தளைக் கைப்பிடி, யாருக்கும் தெரியாமல் கழற்றி எடுத்து வந்துவிட்டேன். வேலை முடிந்ததும் அப்பா கழற்றி வீட்டுக்குக் கொண்டுவருவாரே, அம்மா அரிசி டப்பாவுக்குப் பின்னால் வைப்பாளே, அதேதான். இது இல்லாமல் வண்டி நகராது. என்னைத் திருடி என்பார்கள். சொல்லிவிட்டுப் போகட்டும்.

ஆனால் லேத் பட்டறையில் வேறொன்று செய்யச் சொல்லிவிட்டார்களாம், சனிக்கிழமை கிடைத்துவிடுமாம். எனக்குப் பயமாக இருக்கிறது, தம்பி. ஞாயிறு காலை கொட்டகை வாசலில், தண்டவாளத்தின் நடுவே நாற்காலி போட்டு உட்காரப் போகிறேன்.

நீ நூறாண்டு நன்றாக இரு. நானே எழுதியதுபோல் கடிதம் வந்தாலும் கைப்பிடியைக் கொடுக்காதே. எனக்கு ஏதாவது ஆகிவிட்டால் என்னுடைய கவனக்குறைவு என்றுதான் எழுதுவார்கள். நீயாவது நம்பிவிடாதே.

இப்படிக்கு,
உன் அக்கா