ஒன்பதடி உடும்பும் ஒரு பிடிப் புறாவும்

மார்ச் 4
இன்றும் துரை கோழியைத் தொடவில்லை. நம் ஊர் உடும்பில்லை; கடல் கடந்து வந்த, ஒன்பதடி நீளக் கொமோடோ உடும்பு. வாலால் ஒரு வீசு வீசினால் ஆட்டின் கால் முறியும். அப்படிப்பட்டவர் வாரக்கணக்காக, பந்தியில் கோபித்துக்கொண்ட சம்பந்தி போல மூஞ்சியைத் திருப்பிக்கொண்டு படுத்திருக்கிறார். இந்த விலங்குக் காட்சிசாலையில் நான் அவருக்குக் காவலா, கெஞ்சி ஊட்டுகிற ஆயாவா? வீட்டுக்காரர் வேறு, நான் செருப்பைக் கழற்றுமுன், "உன் துரை சாப்பிட்டாரா?" என்கிறார். நான் சாப்பிட்டேனா என்று கேட்பதில்லை.

மார்ச் 7
கூண்டுக்குள் புதுக் குடித்தனம். கூரை வலையின் ஓட்டை வழியாக ஒரு தவிட்டுப்புறா வந்து, துரையின் தலைக்கு நேர்மேலே, சூட்டு விளக்குச் சட்டத்தில் கூடு கட்டியிருக்கிறது. கூடா அது? நாலு குச்சியை இப்படியும் அப்படியுமாகப் போட்டு, வேலை முடிந்ததென்று உட்கார்ந்துவிட்டாள். ஊரெல்லாம் மரம் இருக்க, இவளுக்கு இடம் கிடைத்தது இங்கேதான். அம்மணி என்று பெயர் வைத்தேன்.

மார்ச் 8
டாக்டரம்மா வந்தார். இந்த வாரமும் சாப்பிடாவிட்டால் மயக்க மருந்து கொடுத்துக் குழாயில்தான் இரையை இறக்க வேண்டுமாம். இந்த வயதில் மயக்கம் தெளிந்து எழுவது சந்தேகமாம். பயமாக இருக்கிறது.
கூட்டையும் எடுத்துவிடச் சொன்னார். தலையாட்டினேன். எடுக்கவில்லை. முட்டை இரண்டு கிடக்கிறதே — எப்படி எடுப்பது?

மார்ச் 10
நாள் முழுக்க இரண்டு பேரையும் ஒப்பிட்டுப் பார்ப்பதே வேலை. துரைக்குக் கத்தி போல் பல், கொக்கி போல் நகம், போதாததற்கு வாயில் நஞ்சு. அம்மணி மொத்தமாகவே ஒரு பிடி. ஆனால் நான் உள்ளே போனால் துரை ஒரு கண்ணைத் திறந்து மூடுவதோடு சரி. அம்மணியோ இறக்கையால் என் காதில் ஓர் அறை விட்டாள். 'ஆபத்தான விலங்கு' என்ற பலகையை யாருக்கு மாட்டுவது?
வீட்டுக்காரரிடம் சொன்னேன். "அவளை ஒரு நாள் வீட்டுக்குக் கூட்டிட்டு வா, கையெடுத்துக் கும்பிடணும்" என்றார்.

மார்ச் 11
தொடவில்லை. நாளைக்குக் குழாய்.

மார்ச் 12
காலையில் டாக்டரம்மா வருமுன்பே காற்று. கூடு சரிந்து முட்டை இரண்டும் கீழே. துரை எழுந்தார். நாக்கை நீட்டி நீட்டித் தேடிப் போய், மண்ணோடு ஓட்டோடு எல்லாம் நக்கி முடித்தார். உடனே கோழியைப் போட்டேன் — அதுவும் உள்ளே போயிடுச்சு. முழுசா. டாக்டரம்மாவுக்குப் போன் பண்ணினா அழுகைதான் வருது. குழாய் வேண்டாம் என்றார்.
சாயங்காலம் வீட்டுக்காரரிடம் ஒன்றுவிடாமல் நடித்தே காட்டினேன். கிண்டல் ஏதும் வரவில்லை. "அப்போ அந்தப் புறா என்ன பண்ணிட்டு இருந்துச்சு?" என்று கேட்டார்.
நான் பார்க்கவே இல்லை.