அண்ணனின் அலைக்கோடுகள்

இரும்புலியூர்
6.1.2025

அன்புள்ள அண்ணனுக்கு,

துர்கா எழுதுகிறேன். போனில் என் நம்பரை நீ தடுத்து வைத்திருப்பதால் பேப்பரை எடுத்தேன். தாம்பரம் மார்க்கெட்டுக்கு மீன் கொண்டுவந்த அம்மாவிடம் கொடுத்தனுப்புகிறேன். செதில் ஒட்டியிருந்தால் திட்டாதே.

ஆஸ்பத்திரியில் நான் வேலைக்குச் சேர்ந்தபோது, "ஊரான் தலைய தொட்டு கம்பி ஒட்டறது ஒரு வேலையா?" என்று கத்திவிட்டுப் பேச்சை நிறுத்தினாய். இரண்டு வருஷமாகிறது. அதற்காக இப்போது எழுதவில்லை.

பூவராகன் மாமா அம்மாவிடம் சொன்னது தெரிந்தது. படகின் எஞ்சினைப் பிடித்தபடியே எங்கோ வெறித்தாயாம். சும்மாவே வாயை மென்றாயாம். கூப்பிட்டும் காதில் விழவில்லையாம். பாறைக்கு நேராகப் போன படகை மாமா பாய்ந்து திருப்பியிருக்கிறார். உனக்கோ எதுவும் நினைவில்லை. அம்மா கண்திருஷ்டி என்கிறாள். எனக்கு வலிப்பாக இருக்குமோ என்று பயம். கைகால் இழுத்தால்தான் வலிப்பு என்றில்லை, அண்ணா.

எங்கள் ஆஸ்பத்திரி ரோஹிணி டாக்டரைப் பார். ஈ.ஈ.ஜி. எடுக்கச் சொல்வார். தலையில் கம்பி ஒட்டி, மூளையில் ஓடும் மின் அலையைக் கோடுகளாகக் காட்டும் டெஸ்ட்; என் வேலையே அதுதான். வலிக்காது, ஷாக்கும் கிடையாது. அதுவரை கடலுக்குப் போகாதே.

உன் தங்கை
துர்கா

கோவளம்
20.1.2025

துர்காவுக்கு,

அம்மா அழுத அழுகைக்காக வந்தேன். அன்றைக்கு நீ லீவாம், வேறு ஒருவர் டெஸ்ட் எடுத்தார். நார்மல் என்று ரிப்போர்ட் வந்துவிட்டது. மாமாவிடம் காட்டி, "பாத்துக்கோ, என் தலையில ஒண்ணும் இல்லன்னு எழுதியே குடுத்துட்டாங்க" என்றேன். "அத்த நான் எப்பவோ சொன்னேனே" என்று சிரிக்கிறார்.

டாக்டர் இன்னொரு முறை வரச் சொல்கிறார். வரமாட்டேன். வலிப்பு என்ற பேச்சு கிளம்பினால் எவன் என்னைப் படகில் ஏற்றுவான்? வியாழக்கிழமை கடலுக்குப் போகிறேன்.

ஹேமநாத்

இரும்புலியூர்
22.1.2025

அன்புள்ள அண்ணா,

அரைமணி நேரம் வலையில் மீன் சிக்காவிட்டால் கடலில் மீனே இல்லை என்பாயா? அந்த டெஸ்ட்டும் அரைமணி நேரம்தான். வலிப்பு இருக்கும் பலருக்கு முதல் தடவை ஒன்றும் தெரியாது. தூக்கத்தைக் குறைத்துக்கொண்டு வந்து, இங்கே மெஷினோடு படுத்துத் தூங்கினால் தெரிய வாய்ப்பு அதிகம். இந்த முறை நானே எடுப்பேன்.

படகில் நீ மட்டும் போவதில்லை. மாமாவுக்கு மூன்று பிள்ளைகள். இதற்கு மேல் கெஞ்சத் தெரியவில்லை.

துர்கா

இரும்புலியூர்
4.2.2025

அன்புள்ள அண்ணா,

நேற்று நீ மறுபடி டெஸ்ட்டுக்கு வந்தபோது வாய்விட்டுச் சொல்ல முடியாததை எழுதுகிறேன்.

படுத்த பத்தாவது நிமிஷம் குறட்டை விட்டாய். கொஞ்ச நேரத்தில் இடது நெற்றிப்பொட்டுப் பக்கத்துக் கோடுகள் மட்டும் கூர்கூராக எழும்பின. அடங்கின. மறுபடி எழும்பின. தினமும் எத்தனையோ பேருக்குப் பார்க்கிறேன். நேற்று அது உன் தலை. ஆனாலும் ஒரு கம்பிகூட விலகவிடவில்லை; கூர் வந்த இடமெல்லாம் குறித்தேன். நான் அழுதால் பதிவு கெட்டுவிடும் என்று மட்டும் நினைத்துக்கொண்டிருந்தேன். டாக்டர் பார்த்துவிட்டு, "இவ்ளோ க்ளியரா எடுத்திருக்கியே துர்கா! சந்தேகத்துக்கே இடமில்ல" என்றார். உன் தலையை வைத்துக் கிடைத்த பாராட்டு. எனக்குப் பெருமையாக இருந்தது, வெட்கமாகவும் இருந்தது.

மாத்திரை, இப்போதைக்குக் கடல் கூடாது என்று அவர் சொன்னதும், என்னைப் பார்க்காமலே எழுந்து போனாய். என்னோடு பேசாவிட்டாலும் பரவாயில்லை. மாத்திரையை மட்டும் ஒரு வேளைகூட விடாதே.

உன் துர்கா

கோவளம்
17.5.2025

அன்புள்ள தங்கைக்கு,

போன் பண்ணலாம்தான். பேசினால் குரல் உடைந்துவிடும்.

பிப்ரவரி முழுக்க உன்மேல் ஆத்திரம். என் கடலைப் பிடுங்கிக்கொண்டாய் என்று அம்மாவிடம் கத்தினேன். ஆனால் மாத்திரையை விடவில்லை. கடைசியாக வெறிப்பு வந்து மூன்று மாதமாகிறது. கரையில் ஏலம் விடும் வேலை பார்க்கிறேன். என் குரலுக்கு நாலு பேர் கூடத்தான் செய்கிறார்கள்.

நேற்று ஏலத்தில் ஒரு சம்பவம். நம் தெரு அசரியா அண்ணன் மகள் ஏஞ்சல், ஒன்பது வயசு. பேசிக்கொண்டிருக்கும்போதே சிலை மாதிரி நின்றுவிட்டாள். காற்று சேஷ்டை என்றார்கள். பள்ளிக்கூடத்தில் திமிர் என்று அடிப்பார்களாம். எனக்குத் தாங்கவில்லை. அத்தனை பேர் நடுவில், "எனக்கும் இப்படித்தான் வந்துகினு இருந்துச்சு. வலிப்பு. மாத்திர துன்றேன், நல்லா கீறேன். என் தங்கச்சிதான் மெஷின் வெச்சு புடிச்சா" என்றேன்.

அசரியா அண்ணன், "இன்னாடா, உன் தங்கச்சி டாக்டரா?" என்றார்.

"டாக்டருக்கே காட்டிக் குடுக்கறவ" என்றேன்.

ஒருவரும் சிரிக்கவில்லை, துர்கா. அம்மா மீன் கூடையை இறக்கி வைத்துவிட்டு, "என் பொண்ணு" என்றாள். அவ்வளவுதான் சொன்னாள்.

திங்கட்கிழமை காலை பஸ்ஸில் ஏஞ்சலையும் அவள் அப்பாவையும் கூட்டிவருகிறேன். தலையில் எண்ணெய் வைக்காமல் அழைத்துவரச் சொல்லியிருக்கிறேன். பிள்ளை ரொம்பப் பயப்படுகிறாள். எனக்குத் தெரிந்த அளவுக்குத் தைரியம் சொன்னேன். மீதியை நீ சொல்.

இப்படிக்கு,
துர்காவின் அண்ணன்