ஏழாவது பாட்டைப் பற்றி அவர்கள் சொல்வது

வலியசாலை,
திருவனந்தபுரம்.
8.6.2025, ஞாயிறு

அன்புள்ள வெங்கி,

இன்று காலை எழுந்ததும் பால்கூடக் காய்ச்சாமல் நான் முதலில் செய்த காரியம், இணையத்தில் உன் பாட்டுகளுக்குக் கீழே யார் யார் என்ன எழுதியிருக்கிறார்கள் என்று பார்த்ததுதான். அம்மா உள்ளேயிருந்து காப்பி கேட்டுக்கொண்டே இருந்திருக்கிறாள். வெகுநேரம் கழித்துத்தான் என் காதில் விழுந்தது.

எப்போதும் போல ஞாயிற்றுக்கிழமை போனில் வாசித்துச் சொல்கிறேன் என்றதற்கு, "வேண்டாம் அக்கா, இது என் சொந்த ஆல்பம். உன் குரலே காட்டிக்கொடுத்துடும். எழுதி அனுப்பு" என்று சொல்லிவிட்டு, போனை அணைத்துக்கொண்டு கல்லாற்றங்கரையில் போய் உட்கார்ந்துவிட்டாய். மற்றவர்கள் ராப் பாட நீ பீட் போட்டுக் கொடுத்த இத்தனை வருடமும், அவற்றைப் பற்றி ஜனங்கள் எழுதியதை நீ ஒரு வரிகூடப் படித்ததில்லை. படித்தால் ஒரு மாதம் வேலை ஓடாது என்பாய். நான்தான் படித்தேன். அந்தப் பழக்கத்தில் இப்போதும் படித்துவிட்டு எழுதுகிறேன். நீ தந்துவிட்டுப் போன சொரிமுத்துவின் டீக்கடை விலாசத்துக்குத் தபால் ஒழுங்காக வருமா என்பது தெரியவில்லை.

நல்லதை முதலில் சொல்கிறேன். "ஊர்ல இருக்கிற ராப்பருக்கெல்லாம் பீட் போட்ட மனுஷன் கடைசியில தானே மைக் பிடிச்சுட்டாரு" என்று மதுரையிலிருந்து ஒருவர். இரண்டாம் பாட்டில் செண்டை மேளத்தைப் பின்னோக்கி ஓடவிட்டிருக்கிறாயே, அதை எப்படிச் செய்தாய் என்று பையன்கள் ஒருவரை ஒருவர் கேட்டுக்கொள்கிறார்கள். தமிழும் மலையாளமும் ஒரே மூச்சில் வருவது நிறையப் பேருக்குப் பிடித்திருக்கிறது. "எங்க வீட்டுச் சண்டை மாதிரியே இருக்கு" என்று பாலக்காட்டுப் பெண் ஒருத்தி எழுதியிருக்கிறாள். அதைப் பாராட்டாகத்தான் எடுத்துக்கொள்ள வேண்டும்.

மற்றதையும் சொல்ல வேண்டும். "பதினோரு வருஷம் காத்திருந்தது இதுக்கா?" இதைப் பலர் பல விதமாகக் கேட்டிருக்கிறார்கள். "பீட் எழுந்து நிக்குது, பாடறவர் உக்காந்திருக்கார்" என்று ஒருவர். "நல்ல பீட்டையெல்லாம் மத்தவனுக்குக் குடுத்துட்டு மிச்சத்தைத் தனக்கு வச்சிக்கிட்டாரு" என்று இன்னொருவர். இதைப் படித்தபோது எனக்கு உன்மேல் பாசம்தான் வந்தது. நீ அப்படிச் செய்யக்கூடியவன்தான். சென்னையில் ஒருவர் ஒரு மணி நேரம் வீடியோவில் பேசிவிட்டு, நீ மறுபடியும் பீட்டுக்கே திரும்புவது நல்லது என்று முடித்தார். மரியாதையாகத்தான் சொன்னார்.

ஆரியசாலைக்குப் பருப்பு வாங்கப் போயிருந்தேன். மொத்தக் கடையில் மூட்டைக் கணக்குப் பார்க்கும் செல்வகணேஷ் என்னைப் பார்த்ததும் காதிலிருந்து கம்பியை எடுத்தான். "எக்கா, அண்ணன் பாட்டுதான் ஓடுது. நம்ம சாலைக் கம்போளச் சந்தையப் பத்தி நல்லா பாடிருக்காவ. ஆனா அந்த நாலாவது பாட்டுல ரெண்டு கெட்ட வார்த்த வருதுல்லா, மொதலாளி வரும்போது கரெக்டா அதுதான் வருது."

அம்மாவுக்கும் போட்டுக் காண்பித்தேன். பாதி பாட்டு வரை கேட்டாள். பிறகு, "ஏண்டி, இவன் ஏன் இத்தனை வேகமா பேசறான்? யாராவது தொரத்தறாளா?" என்றாள். அதற்கு மேல் அபிப்பிராயம் இல்லை.

போன வருடம் குளியலறையில் விழுந்த பிறகு அவளுக்கு ராத்திரிதான் கஷ்டம். பகலில் பார்த்துக்கொள்ள மாடம்மாள் வருகிறாள். இரவில் எழுப்பி உட்காரவைக்க நான் ஒருத்திதான். இதை நீ அறியாதவன் அல்ல. கோழிக்கோட்டுக்குப் பதவி உயர்வு வந்து நான் வேண்டாமென்று எழுதிக் கொடுத்தபோது, "ஆல்பம் மட்டும் வெளிய வரட்டும் அக்கா. அப்பறம் அம்மாவை நான் பாத்துக்கறேன், நீ எங்க வேணா போ" என்று சொன்னாய். அதே உத்தரவு இப்போது மூன்றாம் முறையாக வந்திருக்கிறது. மாதக் கடைசிக்குள் பதில் சொல்ல வேண்டும். இனி மறுத்தால் வராது.

எப்போது வருகிறாய் என்று ஒரு வரி எழுது. மழையில் ஆற்றில் இறங்காதே.

உன் அக்கா,
நாகு

*

கல்லாறு,
12.6.2025

அன்புள்ள அக்கா,

கடிதம் வந்தது. சொரிமுத்து அண்ணாச்சி கண்ணாடி டம்ளருக்கு அடியில் வைத்துக் கொடுத்ததால் உன் கையெழுத்தில் ஒரு வட்டம் விழுந்திருக்கிறது. மற்றபடி பத்திரம்.

உட்கார்ந்திருக்கிறார் என்று எழுதினவன் யாரோ, அவன் சொன்னது நிஜம். ஏழெட்டுப் பாட்டை நான் நாற்காலியில் உட்கார்ந்துகொண்டுதான் பாடினேன். இரண்டு நாளாக அதையே நினைத்துக்கொண்டிருக்கிறேன். சென்னைக்காரர் சொல்வது போலத் திரும்பிப் போய்விடலாமா என்றுகூடத் தோன்றுகிறது.

ஆனால் ஒன்று கேட்கிறேன். நீ இரண்டாவது, நாலாவது என்று மற்ற பாட்டுகளைப் பற்றி எழுதியிருக்கிறாய், அல்லது ஜனங்கள் எழுதியதைச் சொல்லியிருக்கிறாய். ஏழாவதைப் பற்றி ஒன்றுமே இல்லை. அது உன்னைப் பற்றிய பாட்டு. உன் பேரையே வைத்தேன். ஒருவருமா ஒன்றும் சொல்லவில்லை? அவ்வளவு மோசமா? மறைக்காமல் எழுது. நான் மேலே என்ன செய்வது என்பது அதைப் பொறுத்திருக்கிறது.

அம்மாவிடம் யாரும் துரத்தவில்லை என்று சொல்.

வெங்கி

*

வலியசாலை,
15.6.2025, ஞாயிறு

அன்புள்ள வெங்கி,

ஏழாவது பாட்டைப் பற்றி ஒருவரும் சொல்லாமல் இல்லை. அதைப் பற்றித்தான் எல்லாரும் சொல்கிறார்கள். உன் ஆல்பத்தைத் திட்டுகிறவர்கள்கூட, "ஆனா அந்த ‘நாகு’ மட்டும்..." என்று நிறுத்திக்கொள்கிறார்கள். "இப்படி ஒரு அக்கா எனக்கு இல்லாம போயிட்டாளே" என்று ஒருவன். வெளிநாட்டில் வேலை பார்க்கும் ஒருவன் அதைக் கேட்டுவிட்டு அக்காவுக்குப் போன் செய்து அழுதானாம். சென்னைக்காரர் அந்த ஒரு இடத்தில் மட்டும் கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். போன கடிதத்தில் அதை நான் எழுதவில்லை. ஏன் என்று எனக்கே அப்போது தெளிவாகத் தெரியவில்லை.

ஆபீஸில் நடந்ததைச் சொல்கிறேன். பக்கத்து மேஜை ரெம்யா திங்கட்கிழமை வந்ததும் என் இரண்டு கையையும் பிடித்துக்கொண்டாள். "சேச்சி, ஆ பாட்டு கேட்டு ஞான் குறே கரைஞ்ஞு" என்றாள். அழுதாளாம். கண் நிஜமாகவே வீங்கியிருந்தது. மத்தியானம் கான்டீனில் எனக்குத் தெரியாத இரண்டு பெண்கள் என்னை ஒருவருக்கொருவர் காட்டிக்கொண்டார்கள். ஒருத்தி வந்து, "மேடம், ஒரு செல்ஃபி" என்றாள். சாம்பார்ச் சாதத்தோடு எடுத்துக்கொண்டோம்.

வியாழக்கிழமை மேலதிகாரி கிருஷ்ணகுமார் சார் கூப்பிட்டார். கோழிக்கோடு விஷயம். மேஜையில் தாளை வைத்திருந்தார். நான் உட்காரும் முன்பே, "இதுவும் வேண்டாம்னுதானே எழுதுவீங்க? ஞான் ஆ கட்டம் ஃபில் செய்து வச்சிட்டுண்டு. கையொப்பு மட்டும் இட்டால் மதி" என்று பேனாவை நீட்டினார். நான் விழித்தேன். "பாட்டில் வந்நுவல்லோ!" என்று சிரித்தார், பாட்டிலேயே வந்துவிட்டதாம். மரியாதையுள்ள மனுஷர். கிண்டலாகச் சொல்லவில்லை. என் வேலையை மிச்சப்படுத்துவதாக நினைத்துக்கொண்டு, என்னைக் கேட்காமலேயே ‘சம்மதமில்லை’ என்று நிரப்பி வைத்திருந்தார்.

கண் வலிக்கிறது, பிறகு பார்க்கலாம் என்று சொல்லிவிட்டு வந்தேன்.

நீ பாடியிருக்கிறாய்: "ஆர்டரைக் கிழிச்சா, அக்கா சிரிச்சா, எனக்காக வாசல்லயே நின்னுட்டா." வெங்கி, நான் கிழிக்கவில்லை. சர்க்கார் காகிதத்தை யாராவது கிழிப்பார்களா? ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று ஆங்கிலத்தில் எழுதிக் கையெழுத்துப் போட்டேன். சிரிக்கவும் இல்லை. அன்று மத்தியானம் சாப்பிடாமல் மொட்டை மாடியில் நின்றுகொண்டிருந்தேன். உனக்காக நிற்கிறேன் என்று நான் யாரிடமும் சொன்னதில்லை. நீ வருவாய் என்று நின்றேன். இரண்டும் ஒன்றல்ல.

இருந்தாலும் நீ கேட்டாய், அதனால் சொல்கிறேன்: அந்தப் பாட்டு நன்றாக இருக்கிறது. அதில் உன் குரல் உட்கார்ந்திருக்கவில்லை.

எப்போது வருகிறாய் என்று கேட்டிருந்தேன். பதில் இல்லை. அம்மாவும் கேட்கிறாள். "ஆத்தங்கரையில என்ன பண்றான், தவமா?" என்கிறாள்.

உன் அக்கா,
நாகு

*

கல்லாறு,
19.6.2025

என் அருமை அக்கா,

நீ எழுதியதை டீக்கடை பெஞ்சிலேயே மூன்று தடவை படித்தேன். சொரிமுத்து அண்ணாச்சி, "வீட்டுல ஏதும் நல்ல விசேஷமா தம்பி?" என்று கேட்டார். ஆமாம் என்றேன்.

கிழித்தாள், சிரித்தாள் என்பதெல்லாம் பாட்டுக்காக, அக்கா. ‘குடும்பச் சூழ்நிலை காரணமாக’ என்று பாடினால் பீட்டில் உட்காருமா? கோபித்துக்கொள்ளாதே. ஜனங்கள் அழுகிறார்கள் என்றால் அதில் உள்ள உண்மைதான் அழவைக்கிறது.

இப்போது எனக்கு வழி தெரிந்துவிட்டது. மற்றதெல்லாம் என் வேஷம். ‘நாகு’தான் நான். அடுத்தது முழு ஆல்பமும் அந்த வீடுதான்: நீ, அம்மா, ராத்திரியில் நீ அவளை எழுப்புவது, மாடம்மாள், எல்லாம். இரண்டு பாட்டு இங்கேயே எழுதிவிட்டேன். அம்மாவின் குரல் வேண்டும். அவள் இரவில் உன்னைக் கூப்பிடுவதை உன் போனில் பதிவு செய்து வை. அவளுக்குத் தெரியாமல் செய்தால்தான் இயல்பாக வரும்.

வருவதைப் பற்றிக் கேட்டிருந்தாய். மறக்கவில்லை. ஆனால் இப்போது வந்து உட்கார்ந்தால் இந்தச் சூடு ஆறிவிடும், அக்கா. இங்கிருந்து நேரே கொச்சி ஸ்டூடியோவுக்குப் போகிறேன். ஒரே ஒரு வருடம். அது முடிந்ததும் நிச்சயம். நீ இல்லாவிட்டால் அந்த வீடே இல்லை, பாட்டும் இல்லை. அது உனக்கே தெரியும்.

உன்
வெங்கி

*

வலியசாலை,
22.6.2025, ஞாயிறு

வெங்கி,

நேற்று உன் கடிதம் வந்தது. இந்த வாரம் நான் அபிப்பிராயங்களைப் படிக்கவில்லை. அதனால் இந்தக் கடிதத்தில் மற்றவர்கள் சொன்னது எதுவும் இருக்காது. நான் சொல்வது மட்டும்தான். நானும் முழு ஆல்பத்தையும் கேட்டவள். இத்தனை வருடத்தில் நீ என் அபிப்பிராயத்தை மட்டும் கேட்டதில்லை.

உன் பீட்டுகள் எனக்குப் பிடிக்கும். அவை நேர்மையாக இருக்கின்றன. செண்டை பின்னோக்கிப் போகும் இடத்தை மறுபடி மறுபடி போட்டுக் கேட்டேன். நீ பாடும் பாட்டுகளில் பலவற்றில் யாரோ ஒருவனைப் போல இருக்க முயற்சி செய்கிறாய், அது கேட்பவருக்குத் தெரிந்துவிடுகிறது. ஏழாவதில் நீயாகவே இருக்கிறாய். நான்தான் அதில் இல்லை. ஜனங்கள் அழுவது உன் அன்புக்காக. அது பொய் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அந்தப் பாட்டு வந்த பிறகு, வேண்டாம் என்று நானே சொன்னதாக ஊர் முழுவதும் முடிவாகிவிட்டது. நான் கோழிக்கோட்டுக்குப் போனால், நாகு ஏன் போனாள் என்று முகம் தெரியாதவர்கள்கூடக் கேட்பார்கள்.

முதல் கடிதம் எழுதிய ஞாயிற்றுக்கிழமை இன்னொரு யோசனையும் வந்தது. கெட்டதை மட்டும் எழுதி அனுப்பினால் நீ மனம் நொந்து வீட்டுக்கு வந்துவிடுவாய் என்று தோன்றியது. உன்னை எனக்குத் தெரியும், வந்திருப்பாய். அப்படி வருகிறவனிடம் அம்மாவை எப்படி விடுவது? அதனால்தான் நல்லதையும் கெட்டதையும் எழுதினேன்; ஏழாவதை மட்டும் சொல்ல மனம் வரவில்லை, அதில் என் பெயரில் வேறொருத்தி இருந்தாள். நல்லதைப் படித்ததும் நீ வரவில்லை.

நேற்று ராத்திரி அம்மா கூப்பிட்டாள். எழுப்பி உட்காரவைத்தேன். போன் பக்கத்து ஸ்டூலில்தான் இருந்தது. ஒரு நிமிஷம் அதைப் பார்த்தேன். நான் பதிவு செய்யவில்லை, செய்யவும் மாட்டேன். அவள் அப்போது போடும் சத்தம் யாரும் கேட்பதற்காக அல்ல. உனக்கு அது வேண்டுமென்றால் நீ இங்கே வந்து படுத்துக்கொண்டு கேட்க வேண்டும்.

அவளைக் கோழிக்கோட்டுக்கு என்னோடு கூட்டிப்போகலாமே என்று உனக்குத் தோன்றும். கேட்டுப் பார்த்துவிட்டேன், போன வருடமே. "அங்க யாரு என்னோட பேசுவா? இந்தத் தெருவுல விழுந்தாலும் தூக்க நாலு பேர் வருவா" என்றாள். அது அவளுடைய விருப்பம். நீ பாட்டில் என்னைக் கேட்காமல் வைத்தது போல அவளை நான் நகர்த்த முடியாது.

மாடம்மாள் பகலுக்கு வருவாள். ராத்திரி தங்க அவளால் முடியாது, வீட்டில் சின்னப் பிள்ளைகள். "ராத்திரிக்கு சொந்த ஆளுதாம்மா வேணும், நீங்க எத்தன நாளு முழிப்பீங்க?" என்று அவளே என்னைக் கேட்டாள். மருந்துகள் அலமாரியின் நடுத்தட்டில். ரத்த அழுத்தத்துக்கு உள்ளது காலையில், வெள்ளை மாத்திரை ராத்திரி. எழுப்பும்போது கையைப் பிடித்து இழுக்கக்கூடாது. முதுகுக்குக் கீழே கை கொடுத்து, அவள் ‘ம்’ என்று சொன்ன பிறகு தூக்கவேண்டும். அவள் சொல்லும் வரை காத்திருக்க வேண்டும், எவ்வளவு நேரமானாலும்.

நாளைக் காலை கிருஷ்ணகுமார் சாரிடம் புதிய தாள் கேட்கப் போகிறேன். அவர் நிரப்பி வைத்தது வேண்டாம். சம்மதம் என்று என் கையால் எழுதித் தருவேன். ஜூலை பதினான்காம் தேதி அங்கே வேலையில் சேர வேண்டும், முந்தின நாள் ரயில். நீ வந்தாலும் வராவிட்டாலும் போவேன். அம்மாவுக்குத் தெரியாது, ரெம்யாவுக்குத் தெரியாது, இந்தத் தெருவில் ஒருவருக்கும் தெரியாது. நீ இதைப் படிக்கும்வரை கிருஷ்ணகுமார் சாரைத் தவிர யாருக்கும் தெரியப்போவதில்லை.

நாகலக்ஷ்மி