இரண்டு கீறல் போட்ட கொட்டை

நேற்று மத்தியானம் மழை விட்டதும் என் மகள் வாசல் கால்வாயைக் கூட்டப் போனாள். போனவள் உள்ளங்கையில் எதையோ வைத்துக்கொண்டு திரும்பினாள். "அப்பா, ரப்பர் கொட்டை. இங்க எங்க ரப்பர் மரம் இருக்கு? செனாவாங் முழுக்க ஃபேக்டரிதானே லா?" என்றாள். கொட்டை சற்றுக் கோணல். முதுகில் உளியால் இழுத்த இரண்டு கீறல்கள். நான் அதைக் கையில் வாங்கிக்கொண்டேன்.

கூட்டாளி, உனக்கு எப்போதும் கோணல்தான்டா பிடிக்கும். தோட்டத்தில் பக்கத்துப் பக்கத்து மர நிரையில் ரப்பர் பால் வெட்டிய நாம், ஜப்பான் சண்டைக்கு முன்னால் கோலாலம்பூருக்கு ரயிலேறிக் குதிரைப் பந்தயம் பார்க்கப் போவோம். யாரும் சீண்டாத குதிரையாகத் தேடி நீ அதன் மேல் பணம் கட்டுவாய். "எல்லாரும் கட்டுறதுல நாமளும் கட்டி என்னாடா ஆவப் போவுது?" என்பாய். ஒரே ஒரு முறை, நொண்டுகிறது என்று எல்லோரும் சிரித்த ஒரு செம்பட்டைக் குதிரை முதலில் வந்து தொலைத்தது. அதற்கப்புறம் உன்னைத் திருத்த ஆளில்லை. மற்ற நாளெல்லாம் திரும்பும் வழியில் என் காசில்தான் டீ குடித்தாய்.

ஜப்பான்காரன் வந்தான். குதிரையும் போச்சு, அரிசியும் போச்சு. கோலா சாவா பக்கத்தில் இருந்த நம் தோட்டத்தில் பால்வெட்டு நின்றது. அப்போது நீதான் நாம் குடியிருந்த லயத்துக் கால்வாயில் ரப்பர் கொட்டைப் பந்தயத்தைத் தொடங்கினாய். ஆளுக்கொரு கொட்டை, அடையாளத்துக்கு உளிக் கீறல். மழை விட்டதும் மேல் லயத்தில் போட்டால், சாலைக்கு அடியில் மதகுக்குள் நுழைந்து கோயில் பக்கம் வெளியே வரும். அவித்த மரவள்ளிக்கிழங்குதான் பந்தயப் பொருள். அங்கேயும் நீ கோணலாகப் பார்த்துத்தான் பொறுக்குவாய். உன் பங்குக் கிழங்கை நாங்கள் தின்போம்.

பிறகு சயாமில் ரயில் தண்டவாளம் போட ஆள் கேட்டார்கள். பட்டியலில் ஓர் ஆள் குறைந்தது. தோட்டத்தில் ஆட்களை மேய்க்கும் மண்டோர் நம் இருவரையும் நிறுத்தி, "ஒங்க ரெண்டு பேர்ல ஒருத்தன் நாளைக்கு லாரி ஏறணும். நீங்களே பேசிக்கிங்க" என்றார். முன்னால் போனவர்களில் ஒருவர்கூட அதுவரை திரும்பவில்லை. என் மனைவிக்கு எட்டு மாதம். உனக்கு யாருமில்லை என்று அன்று எனக்குச் சௌகரியமாகத் தோன்றியது. நான் இருந்தேன் என்பதை மறந்துவிட்டேன்.

"கொட்டைய உட்டுப் பாக்கலாம்டா. பிந்தி வர்றவன் போவணும்" என்று சொன்னது நான்தான். நீ எதை எடுப்பாய் என்று தெரிந்துதான் சொன்னேன். இத்தனை வருஷத்தில் இதை ஒருவரிடமும் சொன்னதில்லை.

நான் பளபளப்பான, உருண்டையான கொட்டையை எடுத்தேன். நீ குவியலைக் கிளறிக் கோணலானதை எடுத்து, நிதானமாக இரண்டு கீறல் போட்டாய். 'இன்னிக்காவது நல்லதா எடுடா' என்று சொல்ல வாய்வரை வந்தது. விழுங்கிவிட்டேன்.

இரண்டும் மதகுக்குள் நுழைந்தன. என்னுடையது வெளியே வந்தது. உன்னுடையது வரவேயில்லை. மண்டோர் நீளக் குச்சி விட்டுக் குடைந்து பார்த்தார். தண்ணீர் தடையில்லாமல் ஓடிக்கொண்டிருந்தது, உள்ளே ஒன்றுமில்லை. நீ மட்டும் சிரித்தாய். "வரும்டா. மெதுவாத்தான் வரும்."

மறுநாள் லாரியில் ஏறியபின் குனிந்து கேட்டாய்: "நான் திரும்பி வருவேன்னு ஒருத்தனும் கட்ட மாட்டான். நீ கட்டுவியாடா?" தலையாட்டினேன். ஆனால் கட்டவில்லை. மூன்றாம் மாதமே உன் பாயையும் பெட்டியையும் அடுத்த வீட்டுக்குத் தூக்கிக் கொடுத்துவிட்டேன். சண்டை முடிந்து திரும்பிய நாலைந்து பேரில் நீ இல்லை. உன்னைப் புதைத்ததைப் பார்த்தேன் என்று சொல்லவும் ஒருவரும் இல்லை.

கொட்டை என் மேசைமேல் இருக்கிறது. நேற்றிலிருந்து ஈரம் காயவில்லை. துடைத்தால் அடியில் மறுபடி நீர் கசிகிறது. "தூக்கிப் போட்டுடவாப்பா?" என்று மகள் கேட்டாள். அன்று வயிற்றில் இருந்தவள் இவள்தான். வேண்டாம் என்றேன்.

இன்றும் மழை பெய்து ஓய்ந்திருக்கிறது. கேட்டைத் திறந்து வைத்து, வாசலைப் பார்த்து உட்கார்ந்திருக்கிறேன். உள்ளே ஒரு பாய் விரிக்கச் சொன்னேன். மகள் என்னை ஒரு மாதிரிப் பார்த்துவிட்டு விரித்தாள். அன்று கட்டாததை இப்போது கட்டிவிட்டேன். என்னை ஏசத்தான் வருகிறாய் என்றாலும், வாடா.