கதவிடுக்கில் வைத்த செருப்பு

மாமு,

உள்ளங்கையை முகர்ந்து பார்க்கிறேன். சோப்புப் போட்டுக் கழுவியும் போகவில்லை. குளிர்ந்த இரும்பும் மீனும் கலந்த அந்த வாசனை. காலையில் நம் மீன் கம்பெனியின் பழைய குளிர் அறைக் கதவின் கைப்பிடியைப் பிடித்தேன். வேலையை விட்டபிறகு இன்றுதான் பிடிக்கிறேன். பிடித்ததும் நீ வந்து பக்கத்தில் நின்றுகொண்டாய். அதனால்தான் எழுதுகிறேன்.

ஆமாம், நான்தான் எழுதுகிறேன். சிரிக்காதே. நம் தெருப் பள்ளிக்கூடத்தில் மாலையில் வகுப்பு நடக்கிறது. பல்லும் இல்லாமல் எழுத்தும் இல்லாமல் இருக்கிற என்னைப் போன்ற கிழங்களுக்கு. முட்டி தேய்ந்தவன் மாடி ஏறுகிற மாதிரி எழுத்து மெதுவாக வருகிறது. ஆனாலும் வந்துவிடுகிறது. இந்தப் பக்கத்தை நிரப்புவதற்குள் மகள் வைத்துவிட்டுப் போன டீ ஆறிப்போய்விட்டது. எனக்கு இருக்கிற சந்தோஷத்தில் ஆறின டீயும் இனிக்கிறது.

"நீ எழுத்து படிக்கிற அன்னிக்கு நான் செத்துப்பூடுவேன் நைனா" என்று டீக்கடையில் எல்லார் முன்னாலும் சொல்வாய். சொன்னதைச் செய்துவிட்டாய். நான்தான் தாமதம்.

அந்தக் கதவை நான் ஒருநாளும் மறந்ததில்லை. வெளிப்பக்கம் முழங்கை நீளத்துக்கு ஓர் இரும்புக் கைப்பிடி. இழுத்தால் திறக்கும். சாத்தினால் கொக்கி தானாக விழுந்துவிடும். உள்பக்கம் ஒரு குமிழ் இருந்தது. அதைத் தள்ளினால் கொக்கி விலகும். மீன் பெட்டி இடித்து இடித்துக் கதவு திறந்துகொள்கிறது, குளிர் வீணாகிறது என்று மேனேஜர் குமிழைக் கழற்றச் சொன்னார். ஓட்டையில் பழந்துணியைத் திணித்து அடைத்தார்கள். நீ மட்டும்தான் போய்க் கேட்டாய்.

"சார், உள்ள போறவன் எப்பிடி வெளிய வர்றது?"

"உள்ள போறவன் வேலை செய்யத்தானய்யா போறான்? கைப்பிடி வெளியில நிக்கிறவனுக்கு இருந்தாப் போதும்."

அன்றைக்குத்தான் நீ செருப்பைக் கண்டுபிடித்தாய். உள்ளே போகும்போது கம்பெனி பூட்ஸ் போட்டுக்கொள்வோம், செருப்பு வெளியே சும்மாதான் கிடக்கும். அதில் ஒன்றை எடுத்துக் கதவிடுக்கில் வைத்தாய். கதவு செருப்பின் கனத்துக்கு மேல் சாத்தாது, கொக்கி விழாது. பிறகு எல்லாரும் அப்படியே செய்தோம். கதவில் செருப்பு இருந்தால் உள்ளே ஆள் இருக்கிறான். செருப்புக்காரன் வந்துதான் அதை எடுக்கவேண்டும். இது நமக்குள் எழுதாத சட்டம். எழுதியிருந்தாலும் எனக்குப் பிரயோஜனம் இருந்திருக்காது.

உன்னுடையது நீல நிறம். வார் அறுந்து ஊக்குப் போட்டிருப்பாய். "இந்தச் செருப்பு காலுக்கே லாயக்கில்ல, இதுவா உசுரைக் காப்பாத்தப்போவுது?" என்று கேட்டேன்.

"உன்னவிட இது எவ்வளவோ மேலு. வெச்ச எடத்துல கம்முனு கெடக்குது பாரு."

மேனேஜர் அந்தக் கைப்பிடியைக் கையால் தொட்டு நான் பார்த்ததில்லை. கைக்குட்டையைச் சுற்றிக்கொண்டுதான் பிடிப்பார். பிறகு அந்தக் கைக்குட்டையையும் நம்மிடம் கொடுத்து எறியச் சொல்வார். நீ என் காதில் சொல்வாய்: "நம்ம கை பட்ட மீனைத் துன்றான். நம்ம கை பட்ட கைப்புடியைத் தொடமாட்டேன்றான்." இதைச் சொல்லிவிட்டு இரண்டு கையாலும் கைப்பிடியை நன்றாகத் தடவிவிட்டு வருவாய். அவ்வளவு கெட்டவன் நீ.

சுத்தம் பார்க்க வெளிநாட்டுக்காரர்கள் வந்த அன்றைக்கு நான் லாரியோடு துறைமுகத்தில் இருந்தேன். நடந்ததைப் பிறகு மற்றவர்கள் சொன்னார்கள். மேனேஜர் முன்னால் நடந்து வந்திருக்கிறார். கதவிடுக்கில் உன் செருப்பு. "இன்னாய்யா கலீஜ் இது" என்று ஷூ முனையால் எத்தினார். அது சாக்கடைப் பக்கம் போய் விழுந்தது. கதவைத் தோளால் தள்ளிச் சாத்தினார். கொக்கி விழுந்தது. கதவு பளபளவென்று இருந்ததாம். வந்தவர்களுக்கு ரொம்பத் திருப்தி. எல்லாரும் மீன் வறுவல் சாப்பிட ஆபீசுக்குப் போய்விட்டார்கள். ஐஸ் உடைக்கிற மிஷின் ஓடிக்கொண்டிருந்தது. நீ தட்டியது யாருக்கும் கேட்கவில்லை.

சாயங்காலம் நான் திரும்பி வந்தபோது சாக்கடையில் ஊக்குப் போட்ட நீலச் செருப்பு கிடந்தது. எனக்குப் படிக்கத் தெரிந்த ஒரே எழுத்து அதுதான் அப்போது. ஓடினேன்.

கதவைத் திறந்ததும் கதவோடு சேர்ந்து நீயும் வந்தாய். பழந்துணியைப் பிடுங்கிப் போட்டுவிட்டு, குமிழ் இருந்த ஓட்டைக்குள் விரலை விட்டிருந்தாய். கொக்கியை விரலால் தள்ளப் பார்த்திருக்கிறாய். விரல் இரும்போடு உறைந்து ஒட்டியிருந்தது, வெளியே வரவில்லை. வெந்நீர் கொண்டுவரச் சொன்னேன். "தரையில ஊத்தாதீங்கய்யா, ஐஸாயிடும், யாராவது வழுக்கி விழுவாங்க" என்றார் மேனேஜர். யாருக்கும் அடிபடக்கூடாது என்று அவருக்கு அவ்வளவு அக்கறை.

உன் வீட்டுக்கு மாலையோடு வந்தார். வாசலில் நின்று, "கதவைத் தட்டியிருக்கலாமே" என்றார். தட்டித் தட்டிக் கிழிந்த உன் விரல் முட்டிகளைத் துணியால் மூடியிருந்தார்கள். அவர் பார்க்கவில்லை.

உனக்குப் பிறகு குமிழை மறுபடி மாட்டினார்கள். இருட்டில் பச்சையாக மின்னுகிற குமிழ். கதவுக்கு மேலே உள்பக்கச் சுவரில் ஒரு பலகை. அந்தப் பலகைக்குக் கீழேதான் வேலையை விடும்வரை பெட்டி தள்ளினேன். என்ன எழுதியிருக்கிறது என்று யாரையும் கேட்டதில்லை. கேட்டால் நீ எங்கிருந்தாவது சிரிப்பாய் என்று பயம்.

ஏதாவது ஒரு பலகையைப் படித்துவிட்டு வாருங்கள் என்று டீச்சரம்மா நேற்று சொன்னார். எனக்கு வேறு பலகை தோன்றவில்லை. காலையில் போனேன். வாட்ச்மேன் தெரிந்தவர், விட்டுவிட்டார். கம்பெனி பெருத்திருக்கிறது. பக்கத்தில் இன்னொரு குளிர் அறை கட்டியிருக்கிறார்கள். நம் அறைக் கதவு ஒருக்களித்திருந்தது; கைப்பிடியைப் பிடித்து முழுக்கத் திறந்துவிட்டு உள்ளே போய்ப் பலகைக்கு எதிரே நின்று எழுத்துக் கூட்டினேன்.

"உள்ளே மாட்டிக்கொண்டால் குமிழைத் தள்ளவும். கதவு திறக்கும்."

முழுசாகப் படித்துவிட்டேன் மாமு. யார் துணையும் இல்லாமல். சந்தோஷம் தாங்காமல் கைதட்டினேன். நீ செத்த இடத்தில் நின்று கைதட்டினேன். எலும்பு நடுங்குகிற குளிரில் சிரித்தேன்.

உள்ளே பெட்டி அடுக்கிக்கொண்டிருந்த ஆள் திரும்பிப் பார்த்தான். ஒடிசாக்காரன், மீசை நரைத்தவன். அவனுக்குத் தமிழ் படிக்கத் தெரியாது. எனக்குப் பெருமை பிடிபடவில்லை. பலகையில் விரல் வைத்து அவனுக்குப் படித்துக் காட்டினேன். குமிழைக் காட்டி, "தள்ளு, தொறந்துக்கும்" என்றேன்.

"அது ஆவாது தாத்தா" என்றான்.

கிட்டே போய்ப் பார்த்தேன். குமிழ் நகராதபடி கம்பியால் முறுக்கிக் கட்டியிருந்தது.

"பெட்டி இடிக்குது, கதவு தொறக்குது. மேனேஜர் திட்டுது."

இப்போதிருப்பவர் வேறு மேனேஜர். வயதில் சின்னவர். அந்த நாற்காலியில் உட்கார்ந்தால் யாருக்கும் இதே யோசனைதான் வரும்போலிருக்கிறது.

"கதவு சாத்திக்கிச்சுன்னா இன்னா பண்ணுவே?"

"போன் இருக்கு" என்று எடுத்துக் காட்டினான். அந்தச் சுவருக்குள் ஒரு கோடு சிக்னல்கூட இல்லை. அதை அவனும் பார்த்தான். "வெளிய ஆள் இருக்கும்" என்றான்.

வெளியே போனேன். வெளியே ஆள் இல்லை. டீ குடிக்கப் போயிருந்தார்கள்.

கம்பியை அவிழ்க்கப் பார்த்தேன். என் விரலுக்கு அது வரவில்லை. ஆபீசுக்குப் போனேன். "பெருசு, உங்களுக்கு இன்னா வேலை இங்க?" என்று கேட்டு வாசலைக் காட்டினார்கள். வாசலுக்குப் போகிற வழியில் மறுபடி நம் அறைப்பக்கம் திரும்பினேன். என் வலது கால் செருப்பைக் கழற்றிக் கதவிடுக்கில் வைத்தேன். ஒடிசாக்காரனைக் கூப்பிட்டு, "இத்த யார் சொன்னாலும் எடுக்காதே. எடுத்தா உன் உசுரு போவும்" என்றேன். பைத்தியத்தைப் பார்க்கிற மாதிரி என்னைப் பார்த்துச் சிரித்தான். ஆனால் நான் திரும்பும்போது, பூட்ஸ் முனையால் செருப்பை இன்னும் கொஞ்சம் உள்ளே தள்ளிவிட்டான்.

வெயிலில் ஒற்றைச் செருப்போடு வீடு வந்து சேர்ந்தேன். மகள் வாசலிலேயே பிடித்துக்கொண்டாள். "நைனா, இன்னொரு செருப்பு எங்க? படிக்கப் போறேன்னு போய்ட்டு இன்னா கூத்து இது?"

பலகை படித்த கதையை மட்டும் சொன்னேன். அவளும் கைதட்டினாள்.

மிச்சமிருக்கிற செருப்பு இதோ என் பக்கத்தில் கிடக்கிறது. ஒற்றையை வைத்துக்கொண்டு நான் என்ன செய்ய? நாளைக்குக் காலையில் இதையும் கொண்டுபோகிறேன். பக்கத்து அறைக்கும் ஒரு கதவு இருக்கிறது.